நீலமாகப் பூத்ததெல்லாம் நீலக்குறிஞ்சியா?

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மலைச்சரிவுப் படம் வந்து விழும். சரிவு முழுக்க ஊதா. கூடவே பெரியப்பாவின் குரல் பதிவு: "தம்பி, குறிஞ்சி பூத்திருச்சாம். பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தடவைதான். கிளம்புவோமா?" போன வருடமும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தைய வருடமும். உடனே சித்தப்பா மகன் குறுக்கே வருவான்: "2018ல பூத்தாச்சு. இனி 2030லதான். இதெல்லாம் டூப்பு."

இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தப்பு. பெரியப்பா காட்டுவது பெரும்பாலும் குறிஞ்சிதான், ஆனால் அவர் நினைக்கும் குறிஞ்சியாக இருக்க வேண்டியதில்லை. சித்தப்பா மகன் சொல்லும் வருடக் கணக்கு கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் பொருந்தும், எல்லா மலைக்கும் பொருந்தாது. செய்தித் தொலைக்காட்சிகளும் சுற்றுலா வீடியோக்களும் இந்த இரண்டு பாதிகளையும் கலந்தே பேசுவதால், "குறிஞ்சி" என்ற சொல்லைக் கேட்டாலே ஆளுக்கு ஒரு பூ மனதில் வருகிறது.

ஒரே மாதிரி இருக்கும் மலைப்பூக்களை எப்படிப் பிரித்தறிவது என்பதைக் குறிஞ்சியை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயையும் சுண்டைக்காயையும் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

கொல்லைப்புறத்தில் ஒரு சோதனை

கத்தரிச் செடியின் பூவைப் பார்த்திருப்பீர்கள். ஊதா நிறம், ஐந்து மடல், நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கூம்பு. இப்போது தூதுவளைப் பூ. அதுவும் ஊதா, ஐந்து மடல், நடுவில் மஞ்சள். கண்டங்கத்தரிப் பூவும் அப்படியேதான். மூன்று பூவையும் கிள்ளி ஒரு தட்டில் வைத்துவிட்டு எது எது என்று கேட்டால் பலர் திணறுவார்கள்.

ஆனால் தூதுவளை ரசம் வைக்கப் போன எந்தப் பாட்டியும் கத்தரி இலையைப் பறித்து வந்ததில்லை. அவர் பூவைப் பார்த்து முடிவு செய்வதே இல்லை. தூதுவளை வேலியில் ஏறும், தண்டிலும் இலையிலும் கொக்கி போல வளைந்த முள் இருக்கும், பழம் சின்னதாய்ச் சிவந்திருக்கும். கண்டங்கத்தரி தரையோடு படரும், முள் நேராக ஊசி மாதிரி நீண்டிருக்கும், காயில் பச்சை வெள்ளை வரி ஓடும், பழுத்தால் மஞ்சள். இதெல்லாம் அவர் கைக்கே தெரியும்.

குறிஞ்சியிலும் இதே கதைதான். நாம் பூவையும் அதன் நிறத்தையும் மட்டுமே பார்க்கிறோம். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

பேரினம், இனம்: இரண்டே சொற்கள்

கத்தரி, தூதுவளை, கண்டங்கத்தரி, சுண்டை, மணத்தக்காளி, ஏன் உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் சொலானம். இப்படி நெருங்கிய உறவுள்ள செடிகளை ஒன்றாகச் சேர்த்த தொகுதியைப் பேரினம் என்பார்கள். அதற்குள் தனித்தனியாக நிற்கும் கத்தரி, சுண்டை ஒவ்வொன்றும் ஓர் இனம். ஓர் இனத்தின் செடிகள் தங்களுக்குள் கலந்து, தங்களைப் போன்ற வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தருகின்றன. மற்ற இனத்தோடு சாதாரணமாக அப்படிக் கலப்பதில்லை. இந்த வரையறைக்கு விதிவிலக்குகள் நிறைய உண்டு. நமக்கு இப்போதைக்கு இது போதும்.

குறிஞ்சியின் பேரினத்துக்கு ஸ்ட்ரோபிலாந்தஸ் என்று பெயர். ஆசியாவின் வெப்பமண்டல மலைகளில் சில நூறு இனங்களாகப் பரந்து கிடக்கும் பெரிய கூட்டம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பல பத்து இனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் நீலக்குறிஞ்சி: ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நீலகிரியையும் பழனி மலையையும் இரவிகுளத்தையும் நீலமாக்குவது இது.

ஆக, "குறிஞ்சி" என்பதை ஒரு குடும்பப் பெயர் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரே வீட்டுப் பெயர் கொண்ட நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பிரபலமானவர். அந்த வீட்டு ஆள் யார் தெருவில் போனாலும் "அவர்தான் போறார்" என்று சொன்னால் எப்படியோ, பூத்த குறிஞ்சியையெல்லாம் நீலக்குறிஞ்சி என்பதும் அப்படி.

உறவு இன்னும் கொஞ்சம் விரியும். கனகாம்பரம், டிசம்பர் பூ, ஆடாதொடை, நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் குறிஞ்சிக்குத் தூரத்து உறவினர்கள். வேறு வேறு பேரினங்கள், ஆனால் ஒரே பெருங்குடும்பம். டிசம்பர் பூவைத் தலையில் வைத்த யாரும் குறிஞ்சியின் ஒன்றுவிட்ட சகோதரியைச் சூடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

சுருக்கமாக: குறிஞ்சி ஒரு பேரினம், அதற்குள் பல இனம். நீலக்குறிஞ்சி அவற்றில் ஒன்று.

இத்தனை உறவினர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

மலைகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம். அதற்குக் காரணம் மலையின் அமைப்பிலேயே இருக்கிறது.

கடலில் தீவுகள் தனித்தனியாக நிற்பதைப் போல, குளிர்ந்த மலைமுகடுகளும் வெப்பமான சமவெளிக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது. குளிரில் வாழும் செடிக்கு அந்தக் கணவாய் கடல் மாதிரி. அதனால் இம்மாதிரி உச்சிகளை வானத்தீவுகள் என்று சொல்வதுண்டு.

ஒரு செடியின் சந்ததி இரண்டு தீவுகளில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மகரந்தம் இங்கிருந்து அங்கே போகாது. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மாற்றங்கள் தனித்தனியாகச் சேரும். ஒரு பக்கம் இலையில் முடி அடர்த்தியாகும், இன்னொரு பக்கம் காம்பு குட்டையாகும். பல்லாயிரம் தலைமுறை கழித்து இரண்டும் இரண்டு இனமாகிவிடும். ஊர்ப்பெயரைத் தாங்கிய குறிஞ்சிகளே இருக்கின்றன: பழனி மலைப் பெயரால் புல்னியென்சிஸ், நீலகிரியால் நீல்கெரென்சிஸ், ஆனைமலையால் அனமலாய்கா.

எல்லா இனமும் இப்படி ஒரே மலையில் அடைபட்டவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலக்குறிஞ்சியே கணவாயின் இரு பக்கமும் இருக்கிறது. கர்நாடகத்தின் பாபாபுடன்கிரி வரை போகிறது.

சரி, பிரிந்து போனவை ஏன் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன? பூ என்பது பூச்சிக்கான வாசல். தேனீ வந்து இறங்க வாய் விரிந்த குழல், உள்ளே தேன். இந்த வாசல் நன்றாக வேலை செய்யும்வரை அதை மாற்ற வேண்டிய நெருக்கடி குறைவு. இலைக்கு அப்படி இல்லை. வெட்டவெளிப் புல்வெளியில் காற்றும் வெயிலும் உறைபனியும் அடிக்கும். சோலைக்குள் நிழலும் ஈரமும். எங்கே வளர்கிறதோ அதற்கேற்ப இலை, தண்டு, உயரம் எல்லாம் மாறியாக வேண்டும். ஆகவே பூ பழைய உறவைக் காட்டும், உடம்பு இன்றைய இருப்பிடத்தைக் காட்டும். இனத்தைப் பிரிக்கத் தேடுபவர் பூவைவிட உடம்பையே அதிகம் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நிறத்தை நம்பாதீர்கள்

சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்புக்குப் போகும். பெரும்பாலான நீல, ஊதாப் பூக்களில் இருப்பது இதே வகை நிறமிதான்; ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்புத்தன்மை சற்று மாறினாலே அதன் சாயல் மாறும். ஒரே செடியில் இன்று விரிந்த பூவும் நேற்று விரிந்த பூவும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. நீலக்குறிஞ்சி வெளிர்நீலமாகத் தொடங்கி வயதாக வயதாக ஊதா ஏறும். அரிதாக, கூட்டத்துக்கு நடுவே ஒரு செடி மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் உண்டு. அது தனி இனம் இல்லை, நிறமி உருவாகாத நீலக்குறிஞ்சி.

மறுபக்கம், இந்தப் பேரினத்தில் எல்லாமே நீலமும் இல்லை. வெள்ளையாகப் பூக்கும் இனங்கள் உண்டு. லூரிடா என்ற இனம் மங்கிய சிவப்பில் பூக்கும்; கொடைக்கானல் சோலையில் அதைப் பார்ப்பவர் யாரும் குறிஞ்சி என்று நினைக்கவே மாட்டார்.

இதற்கு மேல் நம் கைபேசிக் கேமரா வேறு. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவிலுள்ள சாயலைப் பிடிப்பதில் அது எப்போதும் தடுமாறும். மேகம் வந்தால் ஒரு நிறம், வெயில் வந்தால் ஒரு நிறம். அப்புறம் அதை அனுப்புகிறவர் "கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்" என்று ஒரு ஃபில்டரையும் தட்டிவிடுவார். அந்தப் படத்தில் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நீலமாக இருக்கிறது என்பதற்காகச் சம்பந்தமே இல்லாதவையும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. மார்ச், ஏப்ரலில் மூணாறிலும் ஊட்டியிலும் பூக்கும் ஜகரண்டாவைக் குறிஞ்சி என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். மரத்துக்கும் புதருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் அளவுக்கு நிறம் கண்ணை மறைக்கிறது.

கண்ணை எங்கே வைப்பது?

முதலில் இலை. ஸ்ட்ரோபிலாந்தஸ் செடிகளில் இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், துளசியில் இருப்பதைப் போல. பல இனங்களில் அந்த ஜோடியிலேயே ஓர் இலை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது வேடிக்கை. காம்பு இருக்கிறதா, இலை நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கிறதா? விளிம்பு வழவழப்பா, பற்கள் போல வெட்டுப்பட்டதா? இரண்டையும் பார்த்தபின் இலையைத் திருப்புங்கள். நான் முக்கியம் என்று சொல்வது இதைத்தான். மேல்பக்கம் எல்லாம் பச்சையாக ஒன்றுபோல் இருக்கும் இனங்கள், கீழ்ப்பக்கத்தில் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று வெளிறி மெத்தென்றிருக்கும், ஒன்று சொரசொரக்கும், இன்னொன்றில் முடியே இருக்காது.

அடுத்தது பூவடிச்செதில். பயப்பட வேண்டாம், வாழைப்பூவை ஆய்ந்தவர்கள் எல்லாரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். வாழைப்பூவில் நாம் உரித்துப் போடும் சிவந்த மடல் இருக்கிறதே, அதுதான். பூவுக்கு அடியில் இருந்துகொண்டு, மொட்டாக இருக்கும்போது அதை மூடிக் காக்கும் ஒரு வகை இலை. காகிதப்பூச் செடியில் நாம் பூ என்று நினைக்கும் வண்ணத்தாளும் இதே உறுப்புதான். உண்மையான பூ அதற்குள் சின்னதாய் வெள்ளையாக இருக்கும்.

குறிஞ்சிகளைப் பிரிப்பதில் இந்தச் செதில் பெரிய சாட்சி. பேரினத்தின் பெயரே அதைச் சொல்கிறது. கிரேக்கத்தில் ஸ்ட்ரோபிலோஸ் என்றால் பைன் மரக்கூம்பு, ஆந்தோஸ் என்றால் பூ. கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போனவர்கள் ஒரு கூம்பையாவது பொறுக்கி வந்திருப்பீர்கள். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பல குறிஞ்சிகளின் மொட்டுக் கதிரும் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் செதில்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கும், சிலவற்றில் கதிர் நீண்டு பூக்கள் இடைவெளி விட்டு நிற்கும். செதிலில் முடி இருக்கலாம், தொட்டால் பிசுபிசுக்கலாம், பூ விரிந்ததுமே உதிர்ந்தும் போகலாம். ஆகவே பூ முழுதாய் விரிந்த கதிரைவிட, பாதி மொட்டாக இருக்கும் கதிர் அதிகம் பேசும்.

பூவுக்குள்ளும் பார்க்கலாம். மகரந்தத்தாள், அதாவது மகரந்தத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய தாள், சில இனங்களில் இரண்டு, சில இனங்களில் நான்கு. எண்ணத் தெரிந்தால் போதும், ஆனால் ஒரு சின்ன பூதக்கண்ணாடி கையில் இருந்தால் நல்லது. மகரந்தத் துகளின் வடிவமே இனத்துக்கு இனம் வியப்பாக மாறும். அது நுண்ணோக்கிக்காரர்கள் வேலை, நாம் விட்டுவிடுவோம்.

கடைசியாகக் காய். சின்ன வயதில் பட்டாசுக்காய் வெடித்திருக்கிறீர்களா? நீளமான பழுப்புக் காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் பட்டென்று வெடிக்கும். அந்தச் செடியும் இதே பெருங்குடும்பம்தான். காய்க்குள் ஒவ்வொரு விதையையும் ஒரு குட்டிக் கொக்கி தாங்கியிருக்கும். உலர்ந்த காய் ஈரம் பட்டதும் இரண்டாகப் பிளந்து, அந்த வேகத்தில் கொக்கிகள் விதைகளைத் தூக்கி எறியும். குறிஞ்சியின் காயும் இப்படி இரண்டாகப் பிளக்கும் காய்தான். காட்டுத் துளசி போன்ற ஊதாக் கதிர்ச்செடிகளைக் குறிஞ்சியோடு குழப்பிக்கொள்பவர்களுக்கு இது நல்ல வழி: துளசி வகையில் பூக்கிண்ணத்தின் அடியில் நான்கு சிறு மணிகள் வெறுமனே உட்கார்ந்திருக்கும், பிளக்கும் காய் கிடையாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இலையின் அடிப்பக்கம், பூவடிச்செதில், மகரந்தத்தாள், காய். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மராட்டியத்திலிருந்து ஒரு ஜோடி

நம் மலைகளைவிட்டு வடக்கே போனால் பாடப்புத்தகம் மாதிரி ஓர் உதாரணம் கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தில் கார்வி என்று அழைக்கப்படும் குறிஞ்சிகள் இரண்டு. இரண்டும் ஊதா, இரண்டும் பல வருடத்துக்கு ஒரு முறை கூட்டமாகப் பூப்பவை, செய்திகளில் இரண்டும் கலந்தே வரும்.

கார்வி என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஸ்ட்ரோபிலாந்தஸ் கலோசா. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இருப்பது இது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும், இலை பெரிது, தொட்டால் சொரசொரப்பு. கலோசா என்ற பெயருக்கே தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்தது என்றுதான் பொருள். தண்டு உறுதியானது, மலைவாழ் மக்கள் அதை வரிசையாகக் கட்டி மண் பூசி வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். எட்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும்.

சாத்தாரா அருகே காஸ் பீடபூமியில் இருப்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் செஸ்ஸிலிஸ். செஸ்ஸிலிஸ் என்றால் காம்பில்லாமல் உட்கார்ந்தது. இலைகள் அப்படியே தண்டில் ஒட்டி நிற்கும். செடி குட்டையாக, கவிழ்த்து வைத்த கூடை மாதிரி உருண்டையாக வளரும். மராட்டியில் டோப்லி என்றால் கூடை; டோப்லி கார்வி என்ற பெயர் அதனால் வந்தது. இதற்கு ஏழு வருடம்.

2016இல் மும்பையிலும் காஸிலும் இரண்டும் ஒரே பருவத்தில் பூத்தன. அந்த வருடம் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்டியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் பிரிந்துவிட்டன: காஸில் 2023, மும்பையில் 2024.

இந்த ஜோடியில் எனக்குப் பிடித்தது, மக்கள் வைத்த பெயரும் அறிவியல் பெயரும் செடியின் வெவ்வேறு அடையாளத்தைப் பிடித்திருப்பது. ஒன்று தூரத்திலிருந்து பார்த்துக் கூடை என்கிறது, மற்றது குனிந்து பார்த்துக் காம்பில்லை என்கிறது.

பன்னிரண்டு வருடக் கணக்கின் கதை

இப்போது சித்தப்பா மகனின் வாதத்துக்கு வருவோம். நீலக்குறிஞ்சி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும். மூங்கிலும் வாழையும் இந்த விஷயத்தில் நமக்குப் பழக்கமானவை. மூங்கிலைப் போலவே ஒரு பகுதியின் செடிகள் எல்லாம் ஒரே வருடத்தில் பூப்பதால்தான் மலை நீலமாகிறது. மொத்தமாகப் பூத்தால் தேனீக்கள் திரண்டு வரும். மொத்தமாக விதை கொட்டினால், தின்ன வரும் பூச்சியும் பறவையும் தின்று தீர்க்க முடியாமல் மிச்சம் முளைக்கும்.

கொடைக்கானல், மூணாறுப் பக்கம் 1994, 2006, 2018 என்று கணக்கு வருகிறது. அடுத்தது 2030. பளியர் பழங்குடியினர் தங்கள் வயதையே எத்தனை குறிஞ்சி பார்த்தோம் என்று சொல்வார்கள் என்பார்கள்.

ஆனால் கடிகாரம் எல்லா மலையிலும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் 2022இல் நீலக்குறிஞ்சி பெரிய அளவில் பூத்தது. மூணாறிலிருந்து தூரமில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தின் பன்னிரண்டு வேறு வருடத்தில் முடிகிறது. அதைத் தவிர, பெருங்கூட்டத்தோடு சேராமல் ஒரு வருடம் முந்தியோ பிந்தியோ பூக்கும் ஒற்றைச் செடிகள் எங்கும் இருக்கும். ஆகவே "2030க்கு முன்னால் பார்த்தால் டூப்பு" என்பது தவறு.

அதே சமயம் வருடாவருடம் பூக்கும் குறிஞ்சி இனங்களும், ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை பூப்பவையும், பத்தைத் தாண்டுபவையும் இருக்கின்றன. பல பத்து இனங்கள் பல கணக்கில் ஓடும்போது, ஏதாவது ஒரு மலையில் ஏதாவது ஒரு குறிஞ்சி ஒவ்வொரு வருடமும் பூக்கத்தான் செய்யும். பெரியப்பாவின் படம் வருடம் தவறாமல் வருவதன் ரகசியம் இதுதான்.

அப்போ நீலக்குறிஞ்சியை எப்படித்தான் அடையாளம் காண்பது?

முதலில் நிற்கும் இடத்தைப் பாருங்கள். நீலக்குறிஞ்சி உயர்மலைப் புல்வெளியின் செடி. திறந்த சரிவில், வெயிலும் காற்றும் படும் இடத்தில், கூட்டமாக நிற்கும். காற்று அடிக்கும் சரிவில் முழங்கால், இடுப்பு உயரம். ஒதுக்குப்புறமான இடங்களில் இன்னும் உயரும். சோலைக்குள்ளே நிழலில் பெரிய இலையோடு ஆள் உயரத்துக்கு நிற்கும் குறிஞ்சியைப் பார்த்தால், அது வேறு இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இலை நீள்வட்டம், நுனி கூர்ந்திருக்கும், விளிம்பில் சிறு பற்கள், பக்கநரம்புகள் அழுத்தமாகத் தெரியும். திருப்பினால் அடிப்பக்கம் வெளிறி, மென்முடியோடு இருக்கும். கிளை நுனியில் கதிர்கள். அவற்றில் செதில்கள் ஒன்றையொன்று தொட்டு அடுக்கியிருக்க, நடுவிலிருந்து மணி வடிவப் பூக்கள் எட்டிப் பார்க்கும்.

தண்டு பற்றிச் சங்கப் பாட்டு ஒன்று சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் வருவது "கருங்கோல் குறிஞ்சி". நீலத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கரிய தண்டு, அதன் பூவிலிருந்து எடுத்த தேன், அது நிற்கும் மலைச்சாரல், அவ்வளவுதான். செடியைக் கிட்டத்தில் நின்று பார்த்த ஒருவர் சொன்ன அடையாளம் அது. ஆனால் அந்த வரியை மட்டும் வைத்து இனத்தை உறுதிசெய்ய முடியாது. கரிய தண்டு நீலக்குறிஞ்சிக்கு மட்டும் உரியது இல்லை.

நிபுணர்களே இந்தக் கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நமக்குக் கொஞ்சம் ஆறுதல். 1944இல் பிரெமெகாம்ப் என்ற டச்சுத் தாவரவியலாளர் இந்தப் பேரினத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பேரினங்களாக உடைத்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். பழைய புத்தகங்களில் நீலக்குறிஞ்சி ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்று இருந்தால் வேறு செடி என்று நினைக்க வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த மருத்துவர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் ஆயிரக்கணக்கான செடிகளை வரைந்தார்கள். அத்தகைய ஓவியங்களில் ஒரு கிளை பெரிதாக இருக்கும். ஓரத்தில் பூவைப் பிளந்து ஒரு படம், மகரந்தத்தாள் தனியே, காய் தனியே. அழகான மலைச்சரிவு எங்கும் இருக்காது. அவர்கள் பதிவுசெய்ததையே நாம் கைபேசியிலும் செய்யலாம்.

முழுச் செடி, அது நிற்கும் இடத்தோடு ஒரு படம். உயரம் தெரிய ஒரு குடையோ ஆளோ பக்கத்தில் இருக்கட்டும். இலையின் மேல்பக்கம், அப்புறம் விரலால் மெதுவாகத் திருப்பிக் கீழ்ப்பக்கம். இலை தண்டில் சேரும் கணு. மொட்டுக் கதிர் பக்கவாட்டில். பூவை நேராக முன்னாலிருந்து, உள்ளே தெரியும்படி. பக்கத்தில் பழைய காய் இருந்தால் அதுவும். எதையும் பறிக்க வேண்டியதில்லை. நீலக்குறிஞ்சியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். 2024இல் இது, ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் உலக அளவிலான செம்பட்டியலில் எளிதில் அழியக்கூடிய (Vulnerable) இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. புல்வெளிகள் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சீகைமரத்துக்கும் போய்விட்டதன் விளைவு.

இத்தனையும் எடுத்தும் சில நேரம் பெயர் வராது. அப்போது "குறிஞ்சி வகை, இனம் தெரியவில்லை" என்று எழுதி, இடத்தையும் தேதியையும் உயரத்தையும் குறித்து வைப்பது மதிப்பான பதிவு. உலர்செடித் தொகுப்புகளில் பேரினப் பெயர் மட்டும் எழுதிய தாள்கள் இருக்கும். யாரோ ஒருவர் பல வருடம் கழித்துப் பார்த்து மீதியை எழுதுவார்.

போன மாதம் பெரியப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்துக் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ நண்பர் கோத்தகிரிப் பக்கம் போயிருக்கிறார் போல. ஒரே ஓர் இலை, திருப்பிப் போட்டது, கொஞ்சம் மங்கலாக. கீழே எழுதியிருந்தார்: "அடியில முடி இல்ல. அப்போ இது எந்தக் குறிஞ்சி?"

பதில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மொட்டுக் கதிர் படம் கேட்டிருக்கிறேன்.